கட்டிப்போட்ட நாயும் கண்டுகொள்ளப்படாத சட்டமும்

புது தில்லி: எந்நேரமும் கட்டிப்போட்டே வளர்க்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தரத் தவறினால் அதன் உரிமையாளர் குற்றவாளி ஆவார். 60 ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டில் இப்படியொரு விதி இருப்பது, நாய் வளர்ப்போரில் பலருக்குத் தெரியாது.

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனமான சங்கிலியால் நெடுநேரம் கட்டி வைப்பதும், பசி, தாகத்தால் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவின்படி குற்றங்களே. ஆனால், முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் நிர்ணயித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்.

இச்சட்டத்துக்கு வித்திட்டவர் சென்னை கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர், 1950-களின் தொடக்கத்தில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அரசே சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். பின்னர் சட்டம் நிறைவேறி, 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவரே பொறுப்பேற்றார்.

37 லட்சம் நாய்க்கடிகள்

2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 37,17,336 நாய்க்கடி சம்பவங்கள் பதிவானதாக 2025 ஜூலையில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. 2022-இல் இந்த எண்ணிக்கை 21.89 லட்சமாக இருந்தது. அடுத்த மாதமே தலைநகரின் தெரு நாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், அதில் செய்த மாற்றமும் நாடெங்கும் பெரும் விவாதத்தைக் கிளப்பின.

அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதது வீட்டு நாய். கடித்தது தெரு நாயா, வளர்ப்பு நாயா என்று ரேபிஸ் கிருமி பார்ப்பதில்லை. நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக அரிது. "நம் வீட்டு நாய்தானே' என்று குட்டியின் பல் பட்ட கீறலை அலட்சியப்படுத்துவதே ஆபத்தின் தொடக்கம். காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரை அணுக வேண்டும்.

23 இனங்கள்

வளர்ப்பு நாய்களின் தாக்குதல்கள் குறித்துப் புகார்கள் எழுந்ததை அடுத்து, பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 இனங்களுக்குத் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 2024 மார்ச்சில் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்காமல் வெளியிடப்பட்டது எனக் கூறி, அதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது.

இனத்தின் இயல்பை ஒதுக்கிவிட முடியாது. பெரிய உடலும் வலிய தாடையும் கொண்ட நாய் கடித்தால் காயம் கடுமையாகவே இருக்கும். ஆயினும், ஒரு நாய் கடிக்கும் நிலைக்கு வருவதில் வளர்ப்புக்கும் பெரும் பங்கு உண்டு. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ 14-ஆவது வாரம் வரை குட்டி உலகைப் பழகிக்கொள்ளும் பருவம். குழந்தைகளின் கூச்சல், மிதிவண்டி, வாசலுக்கு வரும் புதியவர் ஆகிய எதையும் அப்போது காணாத குட்டி, வளர்ந்த பிறகு அவற்றைக் கண்டு அஞ்சும். பல கடிகளின் பின்னணியில் இருப்பது இந்த அச்சமே. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் அடைபட்டு வளரும் நாய்க்கு நேர்வது இதுதான்.

அடி உதவாது

நாயைப் பணிய வைக்க அடியும் அதட்டலும் தேவை என்பது பழைய நம்பிக்கை. சிறுநீர் கழித்த இடத்தில் நாயின் மூக்கைத் தேய்ப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. சற்று முன் செய்த செயலுக்கான தண்டனை அது என நாய்க்குப் புரிவதில்லை. வலிக்கும் அதைத் தரும் மனிதரின் கைக்கும் மட்டுமே அது முடிச்சுப் போடுகிறது. உறுமியதற்காக அடிப்பது அதைவிட ஆபத்தானது. உறுமல் என்பது நாய் விடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கக் கற்ற நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம்.

மாற்று வழி எளியது. உட்காரச் சொல்லி நாய் உட்கார்ந்த அந்த நொடியிலேயே தின்பண்டமோ பாராட்டோ கிடைத்தால், அச்செயலை அது விரும்பித் திரும்பச் செய்யும். தாவிக் குதிக்கும் நாயைப் பொருட்படுத்தாமல் திரும்பி நின்று, நான்கு கால்களும் தரையில் பட்டவுடன் தட்டிக் கொடுத்தால், குதிப்பதில் பயனில்லை என அது அறியும். பயிற்சிக்கு நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால், வீட்டில் உள்ள அனைவரும் ஒரே கட்டளைச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். தந்தை தடுப்பதைப் பிள்ளைகள் அனுமதித்தால் நாய் குழம்பும்.

வழிகாட்டும் பஞ்ச்குலா

இது செல்லம் கொடுப்போரின் வாதம் மட்டுமல்ல. வன உயிரினக் கடத்தலைக் கண்காணிக்கும் "டிராஃபிக்' அமைப்பு 2008-இல் தொடங்கிய மோப்ப நாய்த் திட்டத்தின் கீழ், ஹரியாணா மாநிலம் பஞ்ச்குலா அருகே உள்ள இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை மையத்தில் நாய்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. புலித்தோலையும் யானைத் தந்தத்தையும் கண்டறியும் இந்த நாய்கள், வனத் துறைப் பணியாளர்களுடன் சேர்ந்தே பழக்கப்படுகின்றன. சரியான வாசனையைக் காட்டிய நாய்க்கு விளையாட்டும் பாராட்டும் பரிசு. கடத்தல்காரர்களைப் பிடிக்க உதவும் நாய்க்கே இம்முறை பலன் தருகிறது என்றால், வீட்டு நாய்க்குப் பிரம்பு எதற்கு?

உரிமையாளரின் கடமை

தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399-ஆவது பிரிவு வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்ய வகை செய்கிறது. பதிவு வில்லையை நாயின் கழுத்துப் பட்டையில் கோத்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆவது பிரிவின்படி, தன் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

ஆண்டுதோறும் தடுப்பூசி, வேண்டாத குட்டிகள் தெருவுக்கு வராமல் தடுக்கக் கருத்தடை, வெளியே செல்கையில் கையில் வார், கழிவை அகற்ற ஒரு பை. இவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. நாள்தோறும் ஒதுக்க வேண்டிய நேரம்தான் பெரிய செலவு. அந்த நேரம் தம்மிடம் உண்டா என்று குட்டியை வாங்கும் முன் யோசிக்காதவர்களின் நாய்களே, பின்னாளில் சங்கிலியில் கிடக்கின்றன அல்லது தெருவில் விடப்படுகின்றன.