பெட்டியில் இல்லாத எண்

என் அக்கா மகன் பரிட் ராஜாவில், துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். போன விடுமுறையில் பத்து பாகாட் டவுனில் ஒரு கடையில் கேமிங் மானிட்டர் வாங்கினான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 144 ஹெர்ட்ஸ், பக்கத்தில் ஃப்ரீசிங்க் முத்திரை. வீட்டுக்கு வந்து விளையாடினால் படம் சில நேரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கூட்டமான சண்டைக் காட்சி வந்ததும் குறுக்கே கிழிகிறது, திக்குகிறது. மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். "ரோசாக் ஒன்றும் இல்லை, 144 என்று போட்டிருக்கிறது, 144 ஓடுகிறது" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார் தவுக்கே. எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பொய் இல்லை.

சாதாரணத் திரை வினாடிக்கு இத்தனை முறை என்று ஒரே வேகத்தில் படத்தை மாற்றும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு படங்களை ஒரே வேகத்தில் வரைந்து கொடுப்பதில்லை. வெற்று மைதானத்தில் 120 கொடுக்கும்; பத்து பேர் வெடிகுண்டு வீசும் இடத்தில் 45-க்கு விழும். இரண்டு வேகமும் ஒத்துப்போகாதபோதுதான் திரையின் மேல்பாதியில் ஒரு படமும் கீழ்பாதியில் இன்னொன்றும் தெரிகிறது. கார்டு எப்போது படம் கொடுக்கிறதோ அப்போது மாற்று என்று திரையைப் பணிய வைப்பதே வி.ஆர்.ஆர்., அதாவது மாறும் ரிஃப்ரெஷ் ரேட். என்விடியா 2013-இல் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தது. ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் திரைகள் 2015-இல் கடைக்கு வந்தன.

அந்தப் பணிவுக்கு ஓர் எல்லை உண்டு. 48 முதல் 144 வரை என்றால் அதற்குள் மட்டும்தான் திரை கார்டோடு சேர்ந்து நடக்கும். இந்தக் கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் பெட்டியில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. முத்திரை மட்டும் இருக்கும்.

இது கற்பனைக் கவலை அல்ல. ஆரம்பகால ஃப்ரீசிங்க் திரைகளில் ஏசுஸ் எம்ஜி279கியூ 144 ஹெர்ட்ஸ் திரைதான். ஆனால் அதன் வி.ஆர்.ஆர். எல்லை 35 முதல் 90 வரை மட்டுமே. எல்ஜி 34யுஎம்67-இல் 48 முதல் 75. இந்த இரண்டாவது திரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. கார்டு 40 படம்தான் கொடுக்கிறது என்றால், நல்ல திரைகளில் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி 80 ஆக்கி எல்லைக்குள் கொண்டுவந்துவிட முடியும். 75-ஓடு நின்றுவிடும் திரையில் 80-க்கு இடமேது? மேல் எண் கீழ் எண்ணைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். என்விடியா 2019 ஜனவரியில் மற்றவர்களின் திரைகளையும் ஏற்பதாக அறிவித்தபோது, சோதித்த 400-இல் 12 மட்டுமே தன் அளவுகோலில் தேறின என்றது. போட்டி நிறுவனத்தின் சொல் என்று கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும், முத்திரைக்கும் தரத்துக்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது.

எண்ணை எங்கே தேடுவது? வாங்கும் முன், தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் அந்த மாடலின் முழு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறு திரை. ஏ.எம்.டி.யும் என்விடியாவும் தாங்கள் சோதித்த திரைகளின் பட்டியலில் எல்லையையும் தருகின்றன. ஒரே திரைக்கு டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஓர் எல்லையும் எச்.டி.எம்.ஐ. வழியாகக் குறுகிய எல்லையும் இருக்கலாம். வாங்கிய பின் ஏ.எம்.டி. கார்டு உள்ளவர்கள் அதன் அட்ரினலின் மென்பொருளில் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்தால் போதும். மற்றவர்கள் சி.ஆர்.யு. என்ற இலவசக் கருவியால், திரை தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் தகவலைப் படிக்கலாம். படிப்பதோடு நிறுத்துங்கள். அதே கருவியால் எல்லையை நீட்டவும் முடியும். நீட்டினால் திரை மினுங்கலாம், இருண்டும் போகலாம், "நீ கை வைத்தாய்" என்று சொல்லக் கடைக்காரருக்கும் வாய்ப்பாகிவிடும்.

பிளேஸ்டேஷன் 5-க்காக மானிட்டர் தேடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது எச்.டி.எம்.ஐ. 2.1 வழியான வி.ஆர்.ஆரை மட்டுமே ஏற்கும். 48 முதல் 120 வரை. ஃப்ரீசிங்க் முத்திரையை மட்டும் நம்பி வாங்கிய திரை அதோடு வேலை செய்யாமலே போகலாம்.

இனி உரிமை. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் நமக்கு முக்கியம். பிரிவு 34: பொருள், விற்பவர் விவரித்தபடி இருக்க வேண்டும். பிரிவு 33: இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று நீங்கள் தெரிவித்து வாங்கியிருந்தால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும். என் அக்கா மகன் தோற்றது இங்கேதான். அவன் எதையும் கேட்கவில்லை. கடைக்காரரும் எதையும் சொல்லவில்லை. சொல்லாத எண்ணைச் சட்டத்தால் எப்படிப் பிடித்து நிறுத்த முடியும்?

ஆகவே பரிகாரம் காசு கொடுக்கும் முன்பே தொடங்குகிறது. கடைக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "என்னிடம் இந்த கார்டு இருக்கிறது, டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டப்போகிறேன், வி.ஆர்.ஆர். 48 முதல் 144 வரை வேலை செய்ய வேண்டும், இந்த மாடல் செய்யுமா?" ஆம் என்று பதில் வந்தால் அது விவரிப்பு ஆகிவிட்டது; உங்கள் காரியமும் தெரிவிக்கப்பட்டுவிட்டது. மாடல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வெறும் "மானிட்டர் 27 இஞ்ச்" என்ற ரசீது எதற்கும் உதவாது. இணையத்தில் வாங்கினால் விளம்பரப் பக்கத்தை அன்றே படம் பிடித்து வையுங்கள். நாளை அது மாறியிருக்கும். சோதித்துப் பார்க்காமல் "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.

எல்லை சொன்னபடி இல்லை என்றால், அது திருத்தக்கூடிய பழுது அல்ல. அந்தத் திரையின் பிறவிக்குணம். பழுதைச் சரிசெய்ய முடியாதபோது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க முடியும், அல்லது மதிப்புக் குறைவுக்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள் திருப்பியாக வேண்டும்; ஆறு மாதம் விளையாடிவிட்டுப் போய் நின்றால் எடுபடாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டை கல்லாவில் தொங்கினால் பயப்பட வேண்டாம். சட்டம் தந்த உரிமையை ஓர் அட்டையால் பறிக்க முடியாது. பிரிவு 6 அதைத்தான் சொல்கிறது.

கடை மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், இணையத்திலும் பதியலாம். பொதுவாக வழக்கறிஞருக்கு இடமில்லை. நீங்களும் கடைக்காரரும்தான் பேச வேண்டும். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். பொய் விளம்பரம் என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும் புகார் செய்யலாம்: 1800-886-800.

ஆனால் ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு தனிமனிதர் தன் பழைய திரையை விற்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது, அது வியாபாரிகளுக்கானது. சிங்கப்பூர் போய் வாங்கி வருபவர்களும் நம் ஊர் நடுவர் மன்றத்தை நம்பிப் போக வேண்டாம். அங்கே வாங்கியதற்கு அங்கேயுள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான்.

எங்கள் பையனின் திரைக்கு எல்லை 48 முதல் 90 என்று கடைசியில் கண்டுபிடித்தோம். 47-க்கு விழுந்தால் இரட்டித்து 94; இடமில்லை. ஆகவே நிழல், புகை அமைப்புகளைக் குறைத்து, விளையாட்டு 50-க்குக் கீழே போகாமல் வைத்துக்கொண்டான். மேலே 87-இல் பூட்டுப் போட்டான். இப்போது கிழியவில்லை. 144-க்குக் கொடுத்த காசுதான் பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடக்கிறது.