காவிரியாக வரும் சக்கர நாற்காலி

பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குப் பெரும்பாலும் மரத்தின் வேடமே கிடைக்கிறது. அதுவும் இல்லையெனில் முன்வரிசையில் ஒரு நாற்காலி. "பிள்ளை மேடையேறினால் ஊர் சிரிக்காதா, டாக்டர்?" என்று பெற்றோரே தயங்குவதும் உண்டு. அத்தயக்கத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் நாடகத்தை வேறு வழியிலும் உருவாக்கலாம்.

சென்னையில் பரதநாட்டியக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 1989-இல் தொடங்கிய ரமணா சுன்ரித்ய ஆலயா, இசை, நடனம், நாடகம் ஆகியவற்றையே சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான பயிற்சிமுறையாக வளர்த்தெடுத்தது. இலங்கையில் 2000-ஆம் ஆண்டு தோன்றிய சுனேரா அறக்கட்டளையின் பயிலரங்குகளில் மாற்றுத்திறனாளி இளையோரும் மற்றவர்களும் சேர்ந்தே பயில்கின்றனர். இத்தகைய முயற்சிகளின் அடிப்படை எளியது: எழுதி முடித்த நாடகத்துக்குள் குழந்தையைத் திணிக்காமல், குழந்தையால் இயல்வதிலிருந்து நாடகத்தைத் தொடங்குவது.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது 'செட்டிப்பெண் மருத்துவம்' நடித்துக் காட்டப்படுகிறது. காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையில் சிக்கிக்கொள்ள, சிவபெருமானே தாயுருவில் வந்து இரத்தினாவதிக்குப் பேறுகாலம் பார்த்த கதை அது. (எங்கள் துறையினருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.) இதைப் பிள்ளைகள் நடித்தால் வெள்ளத்தை எவ்வாறு காட்டுவது? சக்கர நாற்காலியில் உள்ள சிறுமி ஒருத்தி நீலச் சேலையின் முந்தானையைப் பற்றிக்கொண்டு மேடையைக் கடந்தால் போதும், காவிரி வந்துவிடும். அந்த வழுக்கோட்டம் நடந்து வரும் பிள்ளைக்கு வாய்க்காது. பேச்சு வராத சிறுவன் படகோட்டியாகலாம். அவன் மணியடிக்கும்வரை எவரும் கரை கடத்தலாகாது. அவன் கை எழ அரை நிமிடம் ஆகுமெனில், அரை நிமிடம் அனைவரும் காத்திருக்க வேண்டும். மகள் துடிக்கையில் அக்கரையில் நிற்கும் தாயின் காட்சிக்கு அக்காத்திருப்பு தேவையும்கூட. முந்திக்கொண்டு அவன் கையைப் பிடித்து மணியை அடித்துவிடாதிருக்க மற்றப் பிள்ளைகள் பழக வேண்டும். என் பார்வையில் ஒத்திகையின் கடினமான பாடம் இதுவே.

நாடகம் இயன்முறைச் சிகிச்சைக்கு மாற்றன்று. அது நோயைக் குணப்படுத்தும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். மருந்து என்பதற்காக அன்று, உரிமை என்பதற்காகவே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பிறருக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையை ஏற்கிறது. கதை முடிவாகும் முன்பே ஆசிரியரிடம் பேசுவது நல்லது.

சில மருத்துவக் குறிப்புகள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பரபரப்பிலும் திடீர் ஒலியிலும் தசை இறுக்கம் கூடும். ஆகவே மேடை, ஒலிபெருக்கி, விளக்கு ஆகியவற்றுக்கு முன்னரே பழக்குங்கள். மேடைக்குப் படிகள் மட்டுமே இருப்பின், ஒரு குழந்தையை மட்டும் தூக்கிச் செல்லாமல், எல்லோரும் தரையிலேயே நடிக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒதுங்கி இளைப்பாற அமைதியான ஓர் இடம் வேண்டும். மின்னி மின்னி அணையும் விளக்குகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்; உறக்கக் குறைவும் அவ்வாறே. வலிப்பு மருந்தை ஒத்திகை நாள்களிலும் நேரம் தவறாது கொடுங்கள். விழாத் தேதி தெரிந்ததும் அடுத்த வருகையில் கூறுங்கள். மருந்து நேரங்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாமா என்று பார்ப்போம்.