டிரெஸ்டன் பாட்டி கற்றுக்கொடுத்த ஸ்டோலன்

கேக் என்றாலே முட்டை, அதனால் நம் வீட்டில் நடக்காது என்று ஒதுங்கியிருக்கும் சகோதரிகளுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற 'ஸ்டோலன்' என்ற பழக்கேக்கில், நான் கற்றுக்கொண்ட முறைப்படி, முட்டையே கிடையாது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவு, வெண்ணெய், உலர்ந்த பழங்கள், அவ்வளவுதான். கேக்குக்கும் ரொட்டிக்கும் நடுவே ஒரு பலகாரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2019 நவம்பரில் என் பெண்ணின் பிரசவத்துக்காக டிரெஸ்டன் நகருக்குப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்து எட்டாவது நடந்துகொண்டிருந்தது. கீழ் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, தனிக்கட்டை. எனக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் என் பெண் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். சமையலறையில் அதுவும் தேவைப்படவில்லை. மாவு பிசைகிற கைக்கு எந்த ஊராக இருந்தால் என்ன!

ஸ்டோலனுக்குச் சொந்த ஊர் டிரெஸ்டன் என்றே சொல்லலாம். அந்த ஊர்க் கணக்குச் சீட்டு ஒன்றில் 1474-லேயே இதன் பெயர் வந்துவிட்டது. அப்போது இது சப்பென்றுதான் இருந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் விரத காலம். வெண்ணெய், பால் கூடாது. மாவும் எண்ணெயும் தண்ணீரும்தான். இதை எப்படித் தின்பது என்று அந்தப் பகுதியை ஆண்டவர்களே ரோமுக்கு மனுப் போட, 1491-ல் போப் 8-ஆம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்து கடிதம் அனுப்பினார். சும்மா இல்லை, அதற்குப் பணம் கட்டவேண்டும்! 1730-ல் அந்நாட்டு அரசர் சுமார் 1,800 கிலோவில் ஒரே ஸ்டோலன் செய்யவைத்து ஊரைக் கூட்டி விருந்து வைத்தாராம். மேலே சர்க்கரைப் பொடி தூவி வெள்ளைவெளேரென்று இருப்பதால், துணியில் சுற்றிய குழந்தை ஏசு என்பார்கள்.

பாட்டியின் சின்ன வயதில் வீட்டிலேயே சாமான்களை அளந்து எடுத்துக்கொண்டு தெரு பேக்கரிக்குப் போவார்களாம். நாம் மிளகாயும் மல்லியும் மில்லுக்குக் கொண்டுபோவதில்லையா, அதுபோல. யாருடையது எது என்று தெரிய, பெயர்ச் சீட்டு குத்தி வைப்பார்கள். பிறகு கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த வருஷங்களில் திராட்சைக்கும் பாதாமுக்கும் திண்டாட்டம். ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் காரட்டையும், எலுமிச்சைத் தோலுக்குப் பதில் பச்சைத் தக்காளியையும் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு ஒப்பேற்றினார்களாம். மேற்கே இருக்கும் சொந்தக்காரர்கள் பார்சலில் திராட்சை அனுப்புவார்கள்; இவர்கள் அதைப் போட்டு ஸ்டோலன் செய்து திருப்பி அனுப்புவார்கள். என்ன ஒரு கொடுக்கல் வாங்கல்!

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதல் நாள் இரவே உலர் திராட்சை 300 கிராம், பொடியாக நறுக்கிய ஆரஞ்சு பீல் 100 கிராம், தோலுரித்து நறுக்கிய பாதாம் 75 கிராம் மூன்றையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள். நாலைந்து மேஜைக்கரண்டி சாறு போதும். அங்கே ரம்மில்தான் ஊறவைப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியும் குழந்தைகளும் சாப்பிடுகிற வீட்டில் அது வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பாட்டி முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். பழைய குறிப்புகளில் கசப்பு பாதாம் சேர்க்கச் சொல்வார்கள். அதில் விஷச் சத்து உண்டு, தொடவேண்டாம். சின்னக் குழந்தைகள் இருந்தால் பாதாமை நன்றாகப் பொடித்தே போடுங்கள், தொண்டையில் சிக்கிவிடும்.

மறுநாள், 150 மில்லி பாலை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை, 10 கிராம் உலர் ஈஸ்ட், 100 கிராம் மைதா கலந்து அரை மணி மூடிவையுங்கள். விரலை விட்டால் சுடக்கூடாது. நான் முதல் தடவை அவசரத்தில் கொதிக்கிற பாலை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டேன். வந்தது கேக் அல்ல, அம்மிக் குழவி! கலவை நுரைத்து வந்ததும் மைதா 400 கிராம், சர்க்கரை 60 கிராம், அரை ஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சையின் துருவிய தோல், ஏலப்பொடி, மிருதுவான வெண்ணெய் 250 கிராம் சேர்த்துப் பத்து நிமிஷம் பிசையுங்கள். வெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து, பழங்களை வடித்துச் சேர்த்து, மெதுவாக மடித்து மடித்துக் கலக்கவேண்டும். அழுத்திப் பிசைந்தால் திராட்சை நசுங்கி மாவு கறுத்துப்போகும். இன்னும் அரை மணி விட்டு, இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நீள்வட்டமாகத் தட்டி, நடுவுக்குச் சற்றுத் தள்ளி நீளவாக்கில் குழவியால் ஒரு பள்ளம் அழுத்தி, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் மடியுங்கள். இருபது நிமிஷம் வைத்து, 175 டிகிரி ஓவனில் 40 முதல் 45 நிமிஷம். மேலே கருகின திராட்சை இருந்தால் கிள்ளிப் போடுங்கள், கசக்கும். சூட்டோடு 100 கிராம் உருக்கின வெண்ணெயைத் தடவித் தடவி ஊறவிட்டு, பொடித்த சர்க்கரையை அள்ளித் தூவவேண்டும்.

இந்தச் சூட்டில்தான் எனக்கு வினை வந்தது. ஆறும்வரை பொறுக்காமல் தூக்கினேன். பாதியில் படக்கென்று முறிந்தது. முதல் நாள்தான் பாட்டி கதை சொல்லியிருந்தார்: பேக்கரியிலிருந்து கொண்டுவரும் வழியில் ஸ்டோலன் உடைந்தால், அந்த வருஷம் வீட்டில் ஒரு உயிர் போகும் என்று பயப்படுவார்களாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எதிரே நிறைமாதத்தை எட்டப்போகிற பெண். என் முகத்தைப் பார்த்ததும் பாட்டிக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“1944 கிறிஸ்துமஸுக்கு எங்கம்மா கிடைச்சதை வெச்சுச் செஞ்சாங்க. ஒரு கீறல் இல்லாம முழுசா வீடு வந்து சேர்ந்தது. பிப்ரவரியில குண்டு போட்டு ஊரே எரிஞ்சது. எங்கம்மாவும் போயிட்டாங்க” என்றார். என் பெண் தடுமாறித் தடுமாறி மொழிபெயர்த்தாள். பிறகு பாட்டியே இரண்டு துண்டையும் ஒட்டவைத்து, மேலே சர்க்கரையைக் கொட்டி மூடினார். “எப்படியும் நடுவிலேருந்துதானே வெட்டப்போறோம்” என்று ஒரு சிரிப்பு.

அது வாஸ்தவம்தான். ஸ்டோலனை ஓரத்திலிருந்து வெட்டுவதில்லை. நடுவில் வெட்டித் துண்டு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று நெருக்கி வைத்துவிட்டால் உள்ளே காயாது. நன்றாக ஆறியபின் ஃபாயிலிலும் துணியிலும் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் வைத்தால் ருசி கூடும். சாற்றில் ஊறியது ரம்மில் ஊறியதைப் போல நாள் தாங்காது. நம் ஊர்ச் சூட்டுக்கு ஃபிரிட்ஜ்தான் சரி. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இதில் இடமில்லை. அவர்கள் கண்ணில் படாமல் சாப்பிடுவது உத்தமம்.

அந்த ஜனவரியில் பிறந்த பேத்தி இப்போது ஒவ்வொரு டிசம்பரும் மாவுப் பாத்திரத்துப் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் திராட்சையை மட்டும் 350 கிராமாக நிறுத்து வைக்கிறேன். கலப்பதற்குள் ஐம்பது கிராம் அவள் வாய்க்குப் போய்விடுகிறது.