புத்தக எண்ணில் கடைசி இலக்கம் எதற்கு?

செபராங் ஜெயாவிலுள்ள பினாங்கு பொது நூலகத்தில் ஒரு மலேசியத் தமிழ் நூலை எடுத்துப் பின்னட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் 978 எனத் தொடங்கும் 13 இலக்கங்கள் இருக்கும். அதுதான் ஐ.எஸ்.பி.என்.

எண் என்ன சொல்கிறது?

978 என்றால் புத்தகம். அடுத்து வரும் 967, 983, 629 மலேசியாவுக்குரியவை. 81, 93 இந்தியாவுக்கு. 955, 624 இலங்கைக்கு. பிறகு பதிப்பாளர் எண், நூல் எண். மலேசியாவில் இவற்றை வழங்குவது தேசிய நூலகம்.

கடைசி இலக்கம்?

பிழை பிடிக்க. 13 இலக்கங்களையும் இடமிருந்து 1, 3, 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு உதைக்கும். ஆனால் அடுத்தடுத்து நிற்கும் 1, 6 இடம் மாறினால் மொத்தத்தில் வேறுபாடு சரியாக 10, பிழை தப்பிவிடும். 11-ஆல் வகுத்த பழைய 10 இலக்க முறை இதையும் பிடித்தது.

பிறகு ஏன் மாற்றினார்கள்?

எண்கள் தீர்ந்துவந்தன; கடைகளின் பட்டைக்குறியோடும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கம்.

சொந்தமாக நூல் வெளியிடுவோர் கவனிக்க: கெட்டி அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும், மாற்றமில்லாத மறு அச்சுக்குத் தேவையில்லை.