40 சென்டிமீட்டரில் ‘ரஜூலா’: கப்பலோடு பயணிகளையும் செய்வது எப்படி?

“எந்தக் கப்பலில் வந்தீர்கள்?” என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பலரும் சொல்லும் பெயர் ‘எஸ்.எஸ். ரஜூலா’. 1926ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நடுவில், இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களையும் ஏற்றியது. 1973ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே உடைப்புக்குப் போய்விட்டது. கப்பல் இல்லை. ஆனால் வீவக வீட்டு அலமாரியில் அதை மறுபடி நிறுத்தலாம்.

கப்பலை மட்டும் செய்தால் அது மாதிரிக் கப்பல். அதைச் சுற்றிக் கடல், படகு, ஆட்கள் என்று ஒரு காட்சியாக அமைப்பதே டயோரமா. 140 மீட்டரைத் தாண்டிய ரஜூலா, 350ல் ஒரு பங்கு அளவில் 40 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். 700ல் ஒரு பங்கு என்றால் அதில் பாதி. முதல் அளவில் ஓர் ஆள் 5 மில்லிமீட்டர் உயரம், அரிசி மணியைவிடக் கொஞ்சம் சிறிது. இரண்டாவதில் எள்ளைவிடச் சிறிது. ஆட்கள் முக்கியம் என்றால் பெரிய அளவையே எடுங்கள்.

கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் போர்க்கப்பல்களே அதிகம். பயணிகள் கப்பலை நாமே செய்வதுதான் வழி. வரைபடத்தின்படி மெல்லிய பால்சா பலகைகளை வெட்டி, அடுக்கி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தால் கப்பலின் உடல் கிடைக்கும். நீர்மட்டத்துக்கு மேல் உள்ள பகுதி போதும். நம் ஊர் ஈரக்காற்றில் பால்சா வளையும் என்பதால், சாயத்துக்கு முன்பே எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசிவிட வேண்டும். புகைபோக்கி கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். ‘பிரிட்டிஷ் இந்தியா’ நிறுவனக் கப்பல்களின் அடையாளம் அது. இணைக்கப்பலான ‘ரோனா’வின் படங்களும் உதவும். (1943ல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுவீச்சில் மூழ்கிய ரோனாவோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.) சிறு பாகங்களுக்கு மட்டும் ரஜூலாவின் படத்தையே பாருங்கள், இணைக்கப்பல்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

கடலுக்கு நுரைப்பலகைமேல் வெள்ளைப் பசையில் நனைத்த மெல்லிய காகிதத்தைச் சுருக்கி ஒட்டலாம். காய்ந்தபின் சாயம், அதன்மேல் பளபளப்பு வார்னிஷ். சுற்றுலா விளம்பர நீலம் வேண்டாம். நாகப்பட்டினக் கரையோரக் கடலுக்குக் கலங்கிய பச்சையே பொருந்தும்.

நாகப்பட்டினத்தையே காட்சியாக எடுக்கச் சொல்வேன். அங்கே பெரிய கப்பல் கரையை அணைய முடியாது, தள்ளி நங்கூரமிடும். பயணிகள் படகில் போய்த்தான் ஏறவேண்டும். ஊரைப் பிரிந்த கணம் அந்தப் படகில்தான் இருக்கிறது.

அடுத்து, எந்த ஆண்டு என்று முடிவுசெய்யுங்கள். கப்பல் அதே கப்பல்தான், மேல்தளம் மாறிவிடும். 1938ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அதற்கு முன் என்றால் கங்காணியும் அவர் கூட்டிவந்த தோட்டத் தொழிலாளர்களும், கையில் துணி மூட்டையோடு. 1950கள் என்றால் கடைக்காரர்கள், இங்குள்ள கணவரிடம் வரும் பெண்கள், பிள்ளைகள், தகரப்பெட்டிகள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தின் குடியேற்றக் காட்சிகளையும், தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ் மின்தொகுப்பில் வந்த கப்பல் விளம்பரங்களையும் பார்த்துவிட்டுத் தொடங்கினால் தவறு குறையும்.

தொடக்கத்தில் ரஜூலாவுக்கு 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. அத்தனை பேரையும் யாராலும் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம், பெரும்பாலோர் கீழ்த்தளங்களில் இருந்தவர்கள். மேல்தளத்தில் 150 பேர் இருந்தாலே நெரிசல் தெரியும். வெயிலுக்குக் கட்டிய கித்தானை ஓரிடத்தில் திறந்து விடுங்கள், இல்லையென்றால் செய்த ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள். கடையில் கிடைக்கும் பித்தளை ஆட்கள் எல்லாரும் மாலுமிகள், விறைப்பாக நிற்பார்கள். நம் பயணிகள் உட்கார்ந்தும் படுத்தும் வந்தவர்கள். மெல்லிய கம்பியை வளைத்து, பசை தொட்ட காகிதத்தைச் சுற்றினால் சேலையாகும். கண்ணைக் கெடுக்கும் வேலைதான், இரவில் வேண்டாம்.

தூசு படாமல் அக்ரிலிக் பெட்டியால் மூட வேண்டும். உடனடிப் பசையின் ஆவி மூடிய பெட்டிக்குள் வெள்ளையாகப் படியும் என்பதால், ஒட்டி முடித்துச் சில நாள் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். சன்னல் வெயில் சாயத்தை வெளுக்கும். சாமி அலமாரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஊதுபத்திப் புகை பெட்டிமேல் பிசுக்காகப் படியும்.

பெயர்ப்பலகையில் கப்பல் பெயர், இடம், ஆண்டு, அளவு நான்கும் இருக்கட்டும். தாத்தாவோ பாட்டியோ அதில் வந்திருந்தால், அவர்கள் ஏறிய ஆண்டையே போட்டு, அந்த ஓர் ஆளுக்கு மட்டும் அவர்கள் சொல்லும் நிறத்தில் துணி கட்டிவிடுங்கள்.