மாத்திரையை நிறுத்தினால் மகப்பேறு எப்போது?

கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடி பழம்பெரும் சிவஸ்தலம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். சுவாமிக்கு வைத்தியநாதர் என்று திருநாமம். ஆண்டுதோறும் பங்குனியில் இங்கே நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருக்கல்யாணம் நடக்கும். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரே மாப்பிள்ளை வீட்டாராக ஆற்றைக் கடந்து வருவார். "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்பது சுற்று வட்டாரத்துப் பேச்சு. வரன் அமையாத பெண்ணையும் பிள்ளையையும் கூட்டிக் கொண்டு பெற்றோர் வந்து நிற்பார்கள்.

கல்யாணம் முந்தி நடந்து விடுகிறது. அடுத்த பங்குனிக்குள் ஊரார் கேட்கும் கேள்வி, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பதுதான்.

ஆனால் இந்தக் காலத்துத் தம்பதிகளில் சிலர் வேறு கணக்குப் போடுகிறார்கள். படிப்பு முடியட்டும், வாங்கிய கடன் அடையட்டும் என்று முதல் குழந்தையைச் சற்றுத் தள்ளிப் போடுகிறார்கள். முதல் பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விடுகிறவர்களும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'மாலா-என்' மாத்திரை இலவசம். 2017-ல் 'அந்தரா' என்ற ஊசியும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக் கொண்டால் போதும்.

சரி, குழந்தை வேண்டும் என்று தீர்மானித்து இவற்றை நிறுத்தி விட்டாள் ஒரு பெண். உடனே தலை முழுகாமல் இருந்து விடுவாளா? இல்லையென்றால் உடம்பு கெட்டுப் போயிற்று என்று அர்த்தமா? குடும்பங்களில் சச்சரவு கிளம்புவது இந்த இடத்தில்தான்.

மாமியார் அறியாத சங்கதி

குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக உலகத்திலேயே முதலில் எடுத்துக் கொண்ட நாடு இந்தியா, ஆண்டு 1952. தமிழ்நாட்டுப் பெண்கள் அதை முன் வந்து ஏற்றார்கள். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்து கொண்டது ஆபரேஷன்தான். இரண்டு குழந்தை பிறந்ததும் ஆபரேஷன். அதோடு கதை முடிந்தது. மாத்திரையும் ஊசியும் இங்கே சொற்பம்.

ஆகவே பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன பத்தியம், பிள்ளை பெற்றவளுக்கு என்ன காயம் என்றெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருக்கும் மாமியாருக்கு, கருத்தடையை நிறுத்திய பெண்ணின் உடம்பு எப்படித் திரும்பும் என்பது மட்டும் தெரியாது. அவர் காலத்தில் நிறுத்துவது என்ற பேச்சே இல்லையே! "ஊசி போட்டுப் போட்டுக் கர்ப்பப்பை காய்ஞ்சு போச்சாடி?" என்று கேட்கிறார். கேட்கிறவர் கொடுமைக்காரர் அல்ல, பயந்தவர். ஆனால் கேட்கப்பட்டவள் இரவெல்லாம் அழுகிறாள்.

தூங்கும் சுரப்பி விழித்துக் கொள்ளும்

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. மாதா மாதம் சினைப்பைக்கு உத்தரவு அனுப்பிக் கருமுட்டையை வெளிவரச் செய்வது அதுதான். மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன்களும் இரத்தத்தில் கலந்ததும், சினைப்பை ஏற்கெனவே வேலை செய்து கொண்டிருப்பதாகப் பிட்யூட்டரி நினைத்து விடுகிறது. உத்தரவை நிறுத்துகிறது. முட்டை வெளிவருவதில்லை.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21-ல்தான் ஹார்மோன். மீதி ஏழும் வெறும் இரும்புச் சத்து. அந்த ஏழு நாளில் வருகிற இரத்தப் போக்கு உண்மையான மாதவிடாய் அல்ல. ஹார்மோன் நின்றதால் ஏற்படும் போக்கு. ஆகவே "மாத்திரை சாப்பிட்ட வரையில் கடிகாரம் போல் வந்தது, நிறுத்தியதும் தாறுமாறாகி விட்டது" என்று பழி சொல்வதில் நியாயம் இல்லை. கடிகாரம் மாத்திரையினுடையது. சினைப்பையில் நீர்க்கட்டி, தைராய்டு கோளாறு போன்றவை முன்பே இருந்திருந்தால் மாத்திரை அவற்றை மூடி வைத்திருக்கும். மூடியை எடுத்ததும் உள்ளே இருந்தது தெரிகிறது.

மாத்திரையின் மருந்து சில நாட்களுக்குள் உடம்பை விட்டுப் போய் விடும். கல்லீரலும் சிறுநீரகமும் அதைக் கவனித்துக் கொள்கின்றன. பெரும்பாலோருக்கு நாலு முதல் ஆறு வாரத்தில் இயற்கையான மாதவிடாய் வரும். மூன்று மாதத்துக்குள் ஒழுங்குக்கும் வந்து விடும். அதற்கு முன்பே, முதல் மாதத்திலேயே, கரு உண்டாகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு காரணத்துக்காக மாத்திரையை நிறுத்தி, "உடனே ஒன்றும் ஆகாது" என்று அலட்சியமாக இருந்து விட்டுத் திகைப்பவர்கள் இவர்கள்தான்.

ஊசியின் கணக்கு வேறு

அந்தரா ஊசி தசைக்குள் தேங்கி நின்று சிறிது சிறிதாகக் கரைகிற மருந்து. மூன்று மாதத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்வது குறைந்த அளவுக் கணக்கு. மருந்தின் செல்வாக்கு அதற்கு மேலும் நீடிக்கும். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து கரு உண்டாகச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது. சிலருக்கு ஒன்றரை வருஷம் வரையிலும் போவதுண்டு. தை மாதத்தில் கடைசி ஊசி போட்டவளுக்குக் கார்த்திகை வரையில் ஒன்றும் இல்லையென்றால், அது சராசரிதான்! வைகாசியிலேயே அவளை ஜோசியரிடம் இழுத்துக் கொண்டு போவது என்ன நியாயம்?

எத்தனை ஊசி போட்டோம் என்பதைப் பொறுத்து இந்தத் தாமதம் கூடுவதில்லை. இரண்டு ஊசியானாலும் எட்டு ஊசியானாலும் காத்திருப்பு ஏறக்குறைய ஒன்றே. இடையில் சில மாதம் தீட்டு வராமலிருப்பதும், வந்தால் திட்டாகப் படுவதும் சகஜம். ஒரு வருஷத்துக்குள் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஊசியை முன்கூட்டியே விட்டு விட்டு, இடைக்காலத்துக்கு வேறு முறையைக் கேட்டுப் பெறுவதே புத்திசாலித்தனம். ஊசி போடும் முன்பே இதை எடுத்துச் சொல்வது டாக்டர், நர்ஸுகளின் கடமை.

வெந்தயமும் மெக்ஸிகோ கிழங்கும்

"ஹார்மோனைச் சுத்தம் செய்யும் பொடி", "கர்ப்பப்பைக் கழிவு நீக்கும் கஷாயம்" என்று டப்பாக்களில் அடைத்து விற்கிறார்கள். இவை எதைச் சுத்தம் செய்கின்றன? தேங்கிய கழிவு என்று ஒன்று இருந்தால்தானே!

வெந்தயம் ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அதன் பின்னால் சுவையான ஒரு வரலாறு உண்டு. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க ரசாயன அறிஞர், மெக்ஸிகோ காடுகளில் விளையும் ஒருவகை வள்ளிக்கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தயாரித்துக் காட்டினார். 1951-ல் அதே நாட்டில் கார்ல் ஜெராஸியின் குழுவினர் கருத்தடை மாத்திரைக்கு உதவும் மருந்தைச் செய்தார்கள். 1960-ல் முதல் மாத்திரைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அந்த டயோஸ்ஜெனின் நம் வெந்தயத்திலும் இருக்கிறது! ஆனால் அதை ஹார்மோனாக மாற்றும் வித்தை சோதனைச் சாலைக்குத்தான் தெரியும். மனித உடம்புக்குத் தெரியாது. வெந்தயம் நல்ல உணவு. தாராளமாகச் சாப்பிடலாம். அதைக் கருப்பை மருந்து என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அடுக்களையில் இருப்பதே போதும்

அப்படியானால் இயற்கையாக எதுவுமே செய்ய முடியாதா? முடியும். மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு இரத்தத்தில் ஃபோலிக் அமிலமும் சில பி வைட்டமின்களும் சற்றுக் குறைவதுண்டு. ஊசி எலும்பின் வலுவைக் கொஞ்சம் குறைக்கும். நிறுத்திய பின் அது பெரும்பாலும் மீளும். இவற்றை ஈடுகட்டச் சீமைச் சரக்கு எதுவும் தேவையில்லை.

பெரிய மனுஷியான பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிக் கொடுக்கிறோமே, அந்த உளுந்தங்களி ஃபோலிக் அமிலமும் புரதமும் உள்ள உணவு. அதை ஏன் கல்யாணத்தோடு நிறுத்துகிறோம் என்பது தெரியவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், பச்சைப் பயறு, முட்டை, சிறு மீன் எல்லாம் நல்லவை. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் சோகை உள்ளவர்கள் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

ஒரே ஒரு மாத்திரையை மட்டும் உணவு ஈடு செய்யாது. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக் கொள்கிறது. அநேகப் பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. ஆகவே கருத்தடையை நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கி விட வேண்டும்.

உடம்பு அதிகம் பருத்தவர்கள், முக்கியமாக நீர்க்கட்டி உள்ளவர்கள், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலும் முட்டை வெளிவருவது சீராகும். பட்டினி கிடந்து இளைத்தாலோ, உள்ளதும் நின்று போகும். இரவு தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும்.

எப்போது டாக்டரிடம்?

மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியும் தீட்டு வரவில்லையென்றால், முதலில் கர்ப்பப் பரிசோதனை. அது இல்லையென்று ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தீட்டு ஒழுங்காக வந்தும் ஒரு வருஷம் வரை கரு தங்காவிட்டால் பரிசோதனை அவசியம். 35 வயது கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே போய் விடலாம். நாட்டு மருந்து விருப்பமானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டலாம். பல அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவும் இருக்கிறது.

பரிசோதனை என்றதும் பெண்ணை மட்டும் ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதுதான் வழக்கமாக இருக்கிறது. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனை சுலபமானது, ஊசி குத்தல் இல்லை, செலவும் குறைவு. மனைவிக்கு ஸ்கேன் எடுக்கப் புறப்படும் அன்றே மாப்பிள்ளையும் கூடவே போய் அதைச் செய்து கொண்டு வந்து விடலாம்.