பொம்மைக் கம்பெனி போனது, கட்டடம் நிற்கிறது

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் நகரின் ஃபேர் ஹேவன் பகுதியில் பழைய செங்கல் கட்டடங்களின் தொகுதி ஒன்று இருக்கிறது. பெயர் எரெக்டர் ஸ்கொயர். இன்று அங்கே ஓவியர்களும் சிற்பிகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது ஏ.சி. கில்பர்ட் கம்பெனியின் பொம்மைத் தொழிற்சாலை.

அதைத் தொடங்கிய கில்பர்ட் பல திக்கில் கெட்டிக்காரர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கம்பு ஊன்றித் தாண்டித் தங்கம் வென்றார். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, மேஜிக் சாமான் விற்கப் போனார்! 1911-ல் ரயிலில் நியூயார்க் போகும் வழியில், மின்பாதைக்காக எழுப்பிக்கொண்டிருந்த இரும்புத் தூண்கள் அவர் கண்ணில் பட்டன. அதிலிருந்து பிறந்த யோசனைதான் எரெக்டர் செட், உலோகப் பட்டைகளைத் திருகிப் பாலமும் கோபுரமும் கட்டும் பொம்மைப் பெட்டி. 1913-ல் அது கடைக்கு வந்துவிட்டது.

இதே வகைப் பொம்மையான பிரிட்டனின் மெக்கானோவில் இருந்தவை துளையிட்ட தட்டைப் பட்டைகள். எரெக்டர் பட்டைக்கு ஓரம் மடிந்திருக்கும். நான்கைச் சேர்த்துத் திருகினால் உள்ளே கூடான சதுர உத்தரம் கிடைக்கும். நிஜப் பாலத்தின் விறைப்பு அதில் இருக்கும். இந்த மடிப்புதான் கில்பர்ட்டின் சாமர்த்தியம் என்பேன்.

விளையாட்டோடு அது நிற்கவும் இல்லை. 1949 வாக்கில் அதே ஊரில், யேல் மருத்துவ மாணவர் வில்லியம் சூவெல், எரெக்டர் மோட்டாரையும் உதிரிகளையும் வைத்து இதயத்தின் வேலையைச் செய்யும் பம்ப் ஒன்றை உருவாக்கி, நாயிடம் சோதித்தார். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1938-ல் அமெரிக்கன் ஃபிளையர் பொம்மை ரயிலையும் கில்பர்ட் வாங்கினார். 1950-ல் யுரேனியத் தாது வைத்த 'அணுசக்திப் பெட்டி'யைக்கூடச் சிறுவர்களுக்கு விற்றார்கள். இன்று யாரும் அனுமதி கொடுக்க மாட்டார்கள்.

1961-ல் கில்பர்ட் இறந்தார். கம்பெனி கைமாறியது, தொலைக்காட்சிக் காலத்துப் பிள்ளைகளைப் பிடிக்க அவசரமாக இறக்கிய சரக்கில் தரம் குறைந்தது. 1967-ல் கதை முடிந்தது.

கட்டடங்கள் தப்பியதற்குக் காரணம் எளிது. பாரம் தாங்கும் தளமும் வெளிச்சம் தரும் பெரிய ஜன்னலும் ஓவியருக்கும் வேண்டியவை; தொகுதியைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட முடிந்தது. பழங்கட்டடம் என்றால் கூரைக்கும் குளிர்காலச் சூட்டுக்கும் செலவு ஓயாது. அதைச் சமாளிக்க வாடகையை ஏற்றினால் கலைஞர்கள் கிளம்பிவிடுவார்கள்.

கில்பர்ட் பொம்மைகளைப் பார்க்க விரும்புகிறவர் பக்கத்து ஹாம்டனில் உள்ள ஈலை விட்னி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அதுவும் பழைய தொழிற்சாலை இடம்தான். அங்கே செய்தது துப்பாக்கி.